வைஃபை வரவில்லை: அறுந்தது எந்தக் கண்ணி?

ஒரே வீடு, ஒரே ரூட்டர். மூன்று கைபேசிகளில் படம் ஓடுகிறது. மடிக்கணினியில் மட்டும் நெட் இல்லை. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்கள், பொறியியல் படிக்கும் பிள்ளைகள், வெள்ளை நகரத்து வாடகை கட்டுப்படியாகாமல் சற்று வடக்கே தள்ளி வந்து தங்கும் வெளியூர்க்காரர்கள் என்று புதுச்சேரியின் குருசுக்குப்பத்தில் பலரும் படும் தொல்லை இது. அதற்கு அடுத்து நடப்பது எல்லா வீட்டிலும் ஒன்றுபோலவே இருக்கிறது. முதலில் ரூட்டரை அணைத்துப் போடுவார்கள். பிறகு கேபிள்காரருக்குப் போன் போகும். அவர் வந்து தன் கைபேசியில் பார்த்துவிட்டு, "நெட் நல்லாத்தானே வருது, உங்க லேப்டாப்புலதான் ஏதோ பிரச்சினை" என்று சொல்லிப் போய்விடுவார். கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனால், "ஓஎஸ் போட்டுடலாம் சார்" என்பார்கள். விண்டோஸ் புதிதாக ஏறும். போட்டோக்களும் ப்ராஜெக்ட் கோப்புகளும் போகும். கடையின் வைஃபையில் ஒழுங்காக ஓடிய கணினி வீட்டுக்கு வந்ததும் மறுபடி முரண்டு பிடிக்கும்.

எங்கே பழுது என்று பார்க்குமுன்பே சரிசெய்யத் தொடங்குவதுதான் இதில் பெரிய பழுது.

மடிக்கணினிக்கும் இணையத்துக்கும் நடுவே நான்கு கண்ணிகள் இருக்கின்றன. முதலாவது கணினிக்குள்ளேயே இருக்கிறது: வைஃபை அட்டை, அதன் ஆன்டெனா, அட்டையை இயக்கும் டிரைவர். இரண்டாவது, கணினிக்கும் ரூட்டருக்கும் இடையே உள்ள காற்று. மூன்றாவது, ரூட்டர். நான்காவது, ரூட்டரிலிருந்து தெருக்கம்பம் ஏறி இணைய நிறுவனத்துக்கும் அதற்கு அப்பாலும் போகும் தடம். நான்கில் எது அறுந்தாலும் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரிவது, பக்கம் திறக்கவில்லை என்பது மட்டுமே.

பிரித்துப் பார்க்கத் தனிக் கருவி எதுவும் வேண்டாம், கைபேசியே போதும். முதல் சோதனை: கைபேசியில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மட்டும் இதுவரை திறக்காத ஒரு பக்கத்தைத் திறப்பது. திறக்காவிட்டால் பழுது ரூட்டரிலோ அதற்கு அப்பாலோ. டேட்டாவை அணைப்பது இங்கே முக்கியம். வைஃபையில் நெட் நின்றுபோனால் இன்றைய கைபேசிகள் சொல்லாமல் கொள்ளாமல் 4ஜி, 5ஜிக்குத் தாவிவிடும். "போன்ல வருதே" என்று வீட்டார் சொல்லும் சாட்சி பல நேரம் இப்படித்தான் பொய்த்துப்போகிறது. இரண்டாவது சோதனை: டேட்டாவைத் திரும்பப் போட்டு, அதே கைபேசியில் ஹாட்ஸ்பாட்டைத் திறந்து மடிக்கணினியை அதில் சேர்ப்பது. சேர்ந்து நெட்டும் வந்தால் கணினியின் அட்டை, ஆன்டெனா, டிரைவர் மூன்றையும் பெரும்பாலும் நம்பலாம். தேட வேண்டியது ரூட்டர் பக்கம். ஹாட்ஸ்பாட்டின் பெயரே பட்டியலில் தெரியவில்லை என்றால் கணினியைத்தான் பார்க்க வேண்டும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

இப்படிக் கண்ணி கண்ணியாகப் பார்ப்பது புதுச்சேரிக் கடற்கரைக்குப் புதிதல்ல. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையத்தின் நிதியுதவியோடு 1998இல் இங்கே கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர் நடுமையம், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்கள் அதன் கிளைகள். வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரம் வெளியாகி அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. ஊர்களில் தொலைபேசிக் கம்பியை நம்பமுடியாது என்பதால் விஎச்எஃப் இருவழி வானொலிக் கருவிகள் வழியாகவே குரலும் தரவும் போயின. மின்வெட்டுக்குச் சூரியப் பலகைகள் துணை நின்றன. வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு இதில் கிடைத்தது அலைச் செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் வெளியிடும் அலை உயர முன்னறிவிப்பை இறக்கித் தமிழில் எழுதி, ஊரில் ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். இணையதளம், வில்லியனூர்க் கணினி, வானொலி அலை, ஊர் மையம், ஒலிபெருக்கி என்று கண்ணிகள் நீண்டன. கடலோரத்தில் கம்பியில்லா இணைப்பு என்பது அன்றைக்குக் கடலுக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வியோடு ஒட்டியிருந்தது.

2004 டிசம்பர் 26 காலை, அந்த மையங்களில் ஒன்று இருந்த நல்லவாடு மீனவர் கிராமத்துக்கு எந்த அரசு எச்சரிக்கையும் வரவில்லை, இணையத்திலும் வரவில்லை. சிங்கப்பூரில் வேலைபார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் சுனாமிச் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊரார் மையத்தைத் திறந்து அங்கிருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். மக்கள் கரையைவிட்டு உள்ளே ஓடித் தப்பினார்கள். முதல் கண்ணிகள் எல்லாம் ஊமையாக இருந்தபோது, கடைசிக் கண்ணி உயிரோடு இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. தகவல் தொழில்நுட்பம் பற்றிய கருத்தரங்குகளில் இதை அதிசயம்போலச் சொல்வார்கள். தங்கள் கையிலிருந்த அமைப்பின் எந்தப் பகுதி எதற்கு உதவும் என்று ஊரார் அறிந்திருந்ததுதான் எனக்கு இதில் பெரிதாகப் படுகிறது.

இனி நம் வீட்டு மடிக்கணினிக்கு வருவோம். பழுதுகளில் பல வகையானவை கணினிக்குள்தான் இருக்கின்றன, அதனால் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும்.

சின்னதிலிருந்து தொடங்கலாம். விசைப்பலகையின் மேல்வரிசையில் விமானப் படம் போட்ட விசை ஒன்று இருக்கும். துடைக்கும்போதோ குழந்தையின் கைபட்டோ அது அழுந்தினால் வைஃபை முழுதாக அணைந்துவிடும். பழைய எச்பி, டெல் கணினிகள் சிலவற்றில் பக்கவாட்டில் சறுக்குப் பொத்தானே உண்டு. அது அணைந்திருந்தால் விண்டோஸில் என்ன செய்தாலும் பலிக்காது. அடுத்தது கடவுச்சொல். எண் பலகை தனியாக இல்லாத பழைய சிறு கணினிகளில் நம்லாக் விழுந்துவிட்டால் ஜே, கே, எல் விசைகள் 1, 2, 3 என்று தட்டும். தமிழ்99 விசைப்பலகையைப் போட்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம்: ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து விழும். கடவுச்சொல்லைப் புள்ளிகளாகக் காட்டும் பெட்டியில் இது எதுவும் தெரியாது. பக்கத்திலுள்ள கண் படத்தை அழுத்திப் பார்த்தால் தெரியும்.

வைஃபை என்ற பகுதியே அமைப்புகளில் காணாமல் போயிருந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறக்க வேண்டும். அட்டையின் பெயர் மஞ்சள் முக்கோணத்தோடு இருந்தால் டிரைவர் கோளாறு. பெயரே இல்லையென்றால் அட்டை செத்திருக்கலாம், அல்லது மயங்கிக் கிடக்கலாம். மயக்கம் தெளிவிக்க ஒரு வழி உண்டு. கணினியை முழுதாக அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கழற்ற முடிகிற பேட்டரியானால் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தால் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடியும்; அட்டை புதிதாக எழும். கேட்க மந்திரம்போல இருந்தாலும் இதற்குக் காரணம் இருக்கிறது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி உண்டு. ஷட் டவுன் கொடுத்தாலும் கணினி தன் நிலையைப் பாதி சேமித்துவைத்துத் தூங்குகிறது, அதனால் அட்டையின் கெட்ட நிலையும் மறுநாள் அப்படியே தொடரக்கூடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருப்பவர்களுக்கு இந்த வசதி இன்னும் தொல்லை: விண்டோஸ் அட்டையைப் பிடித்துவைத்தபடி தூங்கிவிட்டால் லினக்ஸில் வைஃபை எழாமல் போகலாம்.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் மாநில அரசின் எல்காட் நிறுவனம் வழங்கிய கணினிகளில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. புதுச்சேரி அரசும் மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கியிருக்கிறது. அண்ணனுக்குக் கொடுத்த கணினியைத் தங்கை கல்லூரிக்கு எடுத்துப்போகும் வீடுகள் ஏராளம். இந்த முதிய கணினிகளுக்கென்றே சில நோய்கள் உண்டு. மதர்போர்டில் இருக்கும் காசு வடிவப் பேட்டரி தீர்ந்துபோய், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பல ஆண்டு பின்னுக்குப் போயிருக்கும். வைஃபை சேரும், சிக்னல் கோடுகள் முழுதாக நிற்கும், ஆனால் எந்தப் பக்கமும் திறக்காது. பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க தேதியும் முடிவு தேதியும் உண்டு. கணினி 2012இல் வாழ்ந்துகொண்டிருந்தால் இன்றைய சான்றிதழை அது ஏற்காது. ஐம்பது அறுபது ரூபாய்ப் பேட்டரி ஒன்றில் தீரும் இந்தப் பழுதுக்கும் ஓஎஸ் போட்டுப் பணம் வாங்குவதுண்டு.

வைஃபை அட்டையின் ஆன்டெனா அட்டையில் இல்லை, திரையைச் சுற்றிய சட்டத்துக்குள் இருக்கிறது. இரண்டு மெல்லிய ஒயர்கள் கீல் வழியாக மேலே ஏறுகின்றன. மூடி மூடித் திறந்ததில் கீலில் ஒயர் நைந்துபோகலாம். விசைப்பலகை மாற்றக் கணினியைத் திறந்தவர், அரிசியளவுகூட இல்லாத அந்த இணைப்பிகளைத் திரும்ப அழுத்த மறந்திருக்கலாம். அப்போது ரூட்டருக்கு ஒட்டி உட்கார்ந்தால் நெட் வரும், நான்கடி தள்ளினால் போய்விடும். சர்வீஸுக்குப் போய்வந்த பிறகு தொடங்கிய தொல்லையா என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். கடலோர வீடுகளில் இன்னொரு சேர்மானம் உப்புக் காற்று. சன்னலோர மேசையில் வருடக்கணக்காகத் திறந்து கிடக்கும் கணினியின் செம்பு முனைகளில் பச்சைக் களிம்பு ஏறும். அட்டையைக் கழற்றி, முனைகளைத் துடைத்து மாட்டியதும் உயிர் வருவது உண்டு.

அடுத்து காற்று. வைஃபையை உலகம் முழுவதும் கொண்டுசேர்த்தது ஒரு சட்ட முடிவு: 1985இல் அமெரிக்கா, மைக்ரோவேவ் அடுப்பு போன்றவற்றுக்கு ஒதுக்கிய அலைவரிசைகளில் உரிமமில்லாமல் தகவல் தொடர்பையும் அனுமதித்தது. சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலிகளால் தரவு குழம்பும் சிக்கலுக்கு, ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ நிறுவனத்தில் ஜான் ஓ'சல்லிவன் குழு வானொலி வானியல் அனுபவத்திலிருந்து தீர்வு கண்டது. இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வரிசை 2005 ஜனவரியில் உரிமத்திலிருந்து விடுபட்டது. 5 கிகாஹெர்ட்ஸில் பரந்த பகுதி விடுபட 2018 அக்டோபர் வரை ஆனது.

உரிமமில்லை என்றால் எல்லோருக்கும் பொது என்று பொருள். குருசுக்குப்பத்தின் சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. மாடிக்கு ஒரு குடித்தனம், குடித்தனத்துக்கு ஒரு ரூட்டர். 2.4இல் 13 சேனல்கள் இருந்தாலும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் நிற்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றே. இருபது ரூட்டர்கள் அந்த மூன்றில் நெருக்கியடிக்கும்போது, மாலையில் எல்லோரும் வீடு திரும்பிய பிறகு இணைப்பு அறுந்து அறுந்து வருவதில் வியப்பில்லை. தெற்கே ஒரு சாலையைத் தாண்டினால் வெள்ளை நகரம். அங்கே சிக்கல் நேர்மாறு. பழைய பிரெஞ்சு வீடுகளின் தடித்த செங்கல் சுண்ணாம்புச் சுவர்களில் 5 கிகாஹெர்ட்ஸ் அலை இரண்டு அறைகளைத் தாண்டுவதற்குள் ஓய்ந்துவிடும். அங்கே அறைக்கு ஓர் ஆக்ஸஸ் பாயின்ட் வேண்டியிருக்கும். இங்கே சன்னமான சுவர்களுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் நல்ல தேர்வு: தூரம் போகாது என்ற அதன் குறையே அடுத்த வீட்டு அலையைத் தடுத்து உதவுகிறது. தகரக் கூரையும் மாடியில் நிரம்பி நிற்கும் தண்ணீர்த் தொட்டியும் எங்கேயும் அலைக்கு எதிரிதான், ரூட்டரை அவற்றுக்குப் பின்னால் வைக்கக்கூடாது.

முன்பு சொன்ன விதிவிலக்கு இங்கேதான் வருகிறது. பழைய மடிக்கணினிகள் பலவற்றின் அட்டை 2.4 மட்டுமே கேட்கும். புதிய கைபேசியின் ஹாட்ஸ்பாட் 5இல் ஒலிபரப்பினால் கணினிக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கைபேசி அமைப்பில் 2.4க்கு மாற்றியபிறகுதான் அந்தச் சோதனையை நம்பலாம். ரூட்டர் தானாகச் சேனல் 12 அல்லது 13ஐத் தேர்ந்தெடுத்தாலும் இதே கதை. இந்தியாவில் அவற்றுக்கு அனுமதி உண்டு, ஆனால் அமெரிக்க விதிப்படி அமைக்கப்பட்ட அட்டைகள் 11க்கு மேல் பார்ப்பதில்லை. கேபிள்காரர் புதிய வைஃபை 6 ரூட்டரை மாட்டிவிட்டுப் போன அன்றே கணினியில் பெயர் மறைந்துபோனால், பழைய டிரைவரைச் சந்தேகிக்கலாம். இன்டெல் அட்டைகளுக்கே பழைய டிரைவர்கள் சில இப்படி 802.11ஏஎக்ஸ் (வைஃபை 6) ரூட்டர்களைக் காணாமல் விட்டன. டிரைவரைப் புதுப்பித்தால் சரியாகும். கடையின் பழைய ரூட்டரில் வேலைசெய்து வீட்டில் மக்கர் செய்யும் கணினிகளின் மர்மம் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றாகவே இருக்கும் என்பது என் கணிப்பு.

இன்னொன்று, யாரும் சந்தேகிக்காதது: யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க். அதன் கேபிளும் இணைப்பியும் 2.4 வரிசையில் இரைச்சலை உமிழ்கின்றன என்று இன்டெல்லே 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. டிஸ்க்கைச் செருகியதும் வைஃபை படுத்தால் அதைப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.

ரூட்டருக்குள் நடப்பவை கொஞ்சம்தான். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் பழைய அட்டைகள் சரியான கடவுச்சொல்லுக்கும் இணைய மறுக்கும். 2, 3 இரண்டும் கலந்த முறையே பழைய கணினி உள்ள வீட்டுக்கு ஏற்றது. கணினிக்கு 169.254 என்று தொடங்கும் முகவரி வந்திருந்தால், ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போடுவது உண்மையில் பலிக்கும் இடம் இதுதான்.

தொல்லை தாங்காமல் சிலர் கடவுச்சொல்லையே எடுத்துவிடுவார்கள். அது வேண்டாம். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்பையொட்டி வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டில் பூட்டாமல் விட்ட வைஃபை வழியாகப் போனது என்று கண்டுபிடித்தார்கள். விசாரணை முதலில் அந்த வீட்டுக்காரரைத்தான் சுற்றியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை வைஃபை பாதுகாப்புக்கு உத்தரவு பிறப்பித்தது. பொது வைஃபைகளில் கைபேசிக்கு ஓடிபி அனுப்பிய பிறகே திறந்துவிடுவது இதன் வழிவந்ததே. விடுதி வைஃபையில் "கனெக்டட்" என்று காட்டியும் நெட் வராமல் போவதற்கும் அந்த ஓடிபி பக்கம் தானாக எழாததே பெரும்பாலும் காரணம். வேறு டிஎன்எஸ்ஸோ (தளத்தின் பெயரை முகவரியாக்கும் சேவை) விபிஎன்னோ போட்டிருந்தால் அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காவது கண்ணியில் நாம் செய்யக்கூடியது குறைவு, கண்டுபிடிப்பது மட்டும் எளிது. ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பில் எரிந்தாலோ மின்னினாலோ ஒளி வந்துசேரவில்லை. கட்டிலுக்கடியில் மடங்கிய மஞ்சள் ஒயரை நேராக்கிப் பாருங்கள். இல்லையென்றால் கேபிள்காரர்தான் வரவேண்டும். தெருவில் ஃபைபரின் ஒளி பிரிவதற்கு மின்சாரம் தேவையில்லை, ஆனால் இரு முனைகளிலும் தேவை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியருகே கரையேறி, ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது போன்ற நேரத்தில், வீட்டில் இன்வெர்ட்டர் ஓடுவதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. எல்ஓஎஸ் அணைந்திருந்து, வாட்ஸ்அப் போன்ற சில மட்டும் ஓடி, தளங்களின் பெயர் மட்டும் பிடிபடவில்லையென்றால் டிஎன்எஸ்ஸை 8.8.8.8 அல்லது 1.1.1.1 என்று மாற்றிப் பார்க்கலாம். கட்டணம் கட்டாமல் நின்றுபோன இணைப்பும் ஏறக்குறைய இதே முகத்தைக் காட்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

கடைசியாக, கடைக்குப் போவதற்குமுன் செய்ய வேண்டிய ஒரு சோதனை. நண்பர் கணினியில் ஏதாவது ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் எழுதி, நம் கணினியை அதிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம். நிறுவ வேண்டாம், கோப்புகளில் கைவைக்கவும் வேண்டாம். லினக்ஸில் வைஃபை வந்தால் அட்டையும் ஆன்டெனாவும் நன்றாக இருக்கின்றன, பழுது விண்டோஸில்தான். அப்போது டிரைவரை நீக்கிவிட்டுத் தயாரிப்பாளர் தளத்திலிருந்து திரும்ப ஏற்றலாம். கைபேசியை யுஎஸ்பி ஒயரில் மாட்டி டெதரிங் போட்டால் அதற்கான நெட்டும் கிடைத்துவிடும். அப்படியும் தீராவிட்டால் அமைப்புகளில் உள்ள நெட்வொர்க் ரீசெட். லினக்ஸிலும் வரவில்லையென்றால் அட்டையைச் சந்தேகிக்கலாம், ஆனால் பிராட்காம் அட்டைகள் சிலவற்றுக்கு லினக்ஸில் தனி டிரைவர் வேண்டும் என்பதால் அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. அட்டை போயிருந்தால் புதிது மாற்றலாம். பழைய லெனோவா, எச்பி மாடல்கள் சிலவற்றில் பயாஸிலேயே அனுமதிப் பட்டியல் இருக்கும், வேறு அட்டையைப் போட்டால் கணினி கிளம்பாது. அவற்றுக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் யுஎஸ்பி டாங்கிள் போதும்; 2.4, 5 இரண்டும் பிடிப்பதாகக் கேட்டு வாங்குங்கள். இத்தனையும் பார்த்தபிறகும் கடைக்காரர் ஓஎஸ் போட வேண்டும் என்றால், டிரைவரை ஏற்றிப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் மட்டும் கணினியைக் கொடுங்கள்.